கறுப்பு ஜவ்வரிசியும் வாங்குவோர் உரிமையும்

கோழிப் பண்ணைக்கும் விசைத்தறிக்கும் பேர்போன பல்லடம் போன்ற ஊர்களிலும் இப்போது நுழைந்துவிட்ட பபிள் டீ என்னும் பானத்தை, அடியில் கருமணிகள் தங்கிய குவளையும் விரல் பருமனுள்ள ஸ்ட்ராவுமாகக் காணும் பெரியவர்கள் அந்நிய விநோதம் என்று எண்ணி ஒதுங்குவதுண்டு. 1980-களில் தைவான் தீவில் பிறந்தது அது என்பது மெய்யேயாயினும், அதனுள் கிடக்கும் மணி நம் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசிக்கு உடன்பிறப்பு. இரண்டும் குச்சிக்கிழங்கின் மாவிலிருந்தே உருட்டப்படுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தினால் கடல் கடந்து வந்த சரக்கு நின்றுபோகவே, 1943-ஆம் ஆண்டு சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து அத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் கூடித் தொடங்கிய முயற்சியின் பலனே, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி.

ஆனால் பக்குவத்தில் உறவு செல்லாது. பாயச ஜவ்வரிசியை ஊறவைக்கிறோம். கருமணியைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். தளதளவென்று கொதிக்கும் தாராளமான நீரில் இட்டு, ஒட்டாமல் கிளறி, மேலே மிதந்தபின் தணலைக் குறைத்து மூடி, பொட்டலத்தில் குறித்த நேரம் வேகவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் மூடியபடியே வைத்திருந்தால்தான் நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி மறையும். பிறகு குளிர்ந்த நீரில் அலசிப் பாகில் ஊறப்போட வேண்டும். அதற்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையை விட உசிதமான வஸ்து எனக்குத் தெரிந்து இல்லை. சில மணி நேரத்துக்குள் தின்றுவிடவேண்டிய பண்டம் இது. குளிர்பெட்டியில் வைத்தால் விறைத்துக் கல்லாகும்.

அபாயங்களில் முதன்மையானது ரசாயனமல்ல, தொண்டை. ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சும் குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் வழுவழுப்பான மணி புகுந்துவிடக்கூடும் என்று ஜெர்மனியின் அபாய மதிப்பீட்டு நிறுவனம் 2012-லேயே எச்சரித்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதைக் கொடுக்காதிருப்பதே விவேகம். பெரிய பிள்ளைகளாயின் உட்கார்த்தி, கரண்டியால் எடுத்து மென்று தின்னச் செய்யலாம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மூச்சு அடைத்து, இருமவோ பேசவோ முடியாமற்போனால், முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டி, பலிக்காவிடில் பின்னிருந்து அணைத்து வயிற்றை மேல்நோக்கி ஐந்து முறை அழுத்தி, மாறி மாறி அவ்விதம் செய்துகொண்டே, அருகிலிருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

கலப்படமோ, பிறந்த வீட்டிலேயே தொடங்கிய வியாதி. மணியின் மெல்லும் தன்மைக்காக, சிறுநீரகத்துக்குத் தீங்கு தரத்தக்க மலெயிக் அமிலம் சேர்த்த மாவு 2013-ல் தைவானிலேயே அகப்பட்டது. நம் பக்கத்திலும் மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதும் சேலம் வட்டாரத்துச் சில ஆலைகளில் அதிகாரிகளிடம் பிடிபட்டதுண்டு. கண்ணைப் பறிக்கும் வெண்மையை மெச்சி வாங்கும் நம் ஆசைக்கும் அதில் பங்கில்லாமலில்லை. ஜவ்வரிசியில் இயற்கை வர்ணம்கூடச் சேரக்கூடாதென்பது நம் நாட்டுச் சட்டம் வகுத்த தரம். ஆகவே கருமணி வாங்குகையில், கறுப்பு எதனால் வந்தது என்பதைச் சேர்மானப் பட்டியலில் தேடுங்கள். இறக்குமதிச் சரக்காயின் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண், காலாவதித் தேதி ஆகியவற்றையும் பாருங்கள். கடைக்காரர் தரும் ரசீதிலும் அந்த எண் இருக்கவேண்டுமென்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம்.

பலரும் அறியாத உரிமை ஒன்று, 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. சாதாரண நுகர்வோரே கட்டணம் செலுத்தி, வாங்கிய பண்டத்தை அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை பெறலாம். நம் பக்கத்தாருக்குக் கோயமுத்தூரிலேயே ஆய்வுக்கூடம் உண்டு. குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: வாங்கும்போதே அந்த எண்ணத்தை விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். தினமும் முகம் பார்க்கும் கடைக்காரரிடம், "ஏனுங்ணா, இதைச் சோதனைக்கு அனுப்பப் போறேனுங்க" என்று சொல்ல நம்மவர்க்கு நாக் கூசும். கூசுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் புகார் அனுப்பலாம்.

உடலுக்குக் கேடு விளைந்தால் அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு நஷ்டஈட்டுக்கு வழி செய்கிறது. உயிர்ச்சேதமாயின் குறைந்தது ஐந்து லட்சம் ரூபாய். நுகர்வோர் ஆணையத்தை அணுக விரும்பும் பல்லடத்தார், 2009-ல் மாவட்டம் மாறியதை மறந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறாமல், திருப்பூருக்கே போகவேண்டும். காரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். செலுத்திய விலை ஐந்து லட்சத்துக்குட்பட்டால் கட்டணமில்லை. 1915 என்ற உதவி எண்ணில் முன்னதாக ஆலோசனை கேட்டுக்கொள்வது நலம். போகும்போது ரசீதையும், மருத்துவர் எழுதிய சீட்டையும், ஆத்திரத்தில் குப்பையில் எறிந்துவிடாமல் காப்பாற்றிய அந்தப் பொட்டலத்தின் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.