வண்டிக் கொழுப்பும் தொடைக் கொழுப்பும் ஒன்றல்ல

"நான் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கு எங்கால சலரோகம் வரப்போகுது?" என்று எங்கள் ஆட்கள் பலர் கேட்பதுண்டு. கையும் காலும் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளியிருக்கும். ஊரில் என்றால் வண்டி வைத்தவரைப் பார்த்து "ஆள் இப்ப நல்லா இருக்கிறார்" என்பார்கள். ஆனால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைப் போலவே, அது எங்கே சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ழான் வாக் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1947ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துச் சொன்னார்.

எந்தக் கொழுப்பு ஆபத்தானது?

தோலுக்குக் கீழே, தொடையிலும் பின்புறத்திலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் ஒரு சேமிப்பு மாதிரி அங்கேயே இருக்கும். வயிற்றுக்குள்ளே ஈரல், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படியல்ல. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் கலக்கின்றன. ஈரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. சலரோகம், உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் இது வழி திறக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

ஆண்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேரும். அதனால் பெண்களைவிடக் குறைந்த நிறையிலேயே அவர்களுக்குச் சலரோகம் வந்துவிடுகிறது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் வயதில் கொழுப்பு தொடை, இடுப்புப் பக்கம் போகும். மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு குறைந்து, வயிற்றில் சேரத் தொடங்கும். கர்ப்ப காலத்தில் சலரோகம் வந்த தாய்மார் ஒவ்வொரு வருடமும் இரத்தம் சோதிக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் சீனி குறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

நாடா எடுத்து அளந்து பாருங்கள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் நுனிக்கும் நடுவில் நாடாவை வையுங்கள். மூச்சை இயல்பாக விட்டபின் அளவுங்கள், வயிற்றை எக்க வேண்டாம். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கை அளவு. இன்னொரு சுலபமான கணக்கும் இருக்கிறது: இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 85க்குள் இருந்தால் நல்லது.

என்ன செய்யலாம்?

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. முழு உடம்பும் அசைய வேண்டும். கிழமைக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும்படி வேகமாக நடவுங்கள். தராசில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு குறையும். கோப்பையில் சோற்றைக் குறைத்து மரக்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். சீனி போட்ட தேநீரையும் மென்பானங்களையும் விடுங்கள். இரவு வேலை செய்பவர்கள் வேலை முடிந்து வந்து பெரிய சாப்பாடு சாப்பிட்டுப் படுக்கிற பழக்கத்தை மாற்றப் பாருங்கள்.

வைத்தியரிடம் போகத் தயங்க வேண்டாம்

வழக்கு முடியட்டும், விசா வரட்டும், பிறகு பார்ப்போம் என்று சிலர் இருக்கிறார்கள். சலரோகம் அதுவரை காத்திருக்காது. ஆரம்பத்தில் நோவும் தராது. இங்கிலாந்தில் அகதி விண்ணப்பதாரர் உட்பட எவரும் குடும்ப வைத்தியரிடம் இலவசமாகப் பதியலாம். பதிவதற்கு விசாவோ முகவரி அத்தாட்சியோ கட்டாயமில்லை. மொழி பிரச்சினை என்றால் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்கும் காசு இல்லை. உங்கள் இடுப்பளவைச் சொல்லி, எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். முடிவு 42 முதல் 47 வரை வந்தால் சலரோகத்துக்கு முந்திய நிலை. அந்த நேரத்தில் தெரிந்துகொண்டால் பலரால் நோய் வராமலே தடுக்க முடிகிறது.

இண்டைக்கே நாடாவை எடுங்கள். வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் அளந்து விடுங்கள்.