ரீசார்ஜ் செய்தவருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு

“நான் எங்கே வரி கட்டுறேன்? சம்பாதிக்கிறவங்க கவலைப்படட்டும்.” கல்லூரி மாணவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிற மாணவர் அதிலேயே 45 ரூபாய் 60 காசு ஜிஎஸ்டி கட்டிவிடுகிறார். பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. பைக்குக்குப் பெட்ரோல் போட்டால் கலால் வரி, வாட் வரி தனி. வருமான வரி கட்டாத இளைஞர்கள் ஏராளம். வரியே கட்டாத இளைஞர் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

“கட்டுற காசெல்லாம் எங்கே போகுதுன்னே தெரியலை” என்பவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. அது ரீல்ஸோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். கணக்கைக் கேட்டு வாங்கச் சட்டமே இருக்கிறது.

உங்கள் தெருவில் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் வெள்ளைத்தாளில் தமிழிலேயே மனு எழுதலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சாலையைப் போட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பலர் “ஏன் தரமாகப் போடவில்லை?” என்று எழுதிவிட்டு, ஒன்றுமே இல்லாத பதிலை வாங்கிக்கொள்கிறார்கள். விளக்கம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் என்கிற அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் நகல். எம்-புக்கில் சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதியிருக்கும். டேப்பை எடுத்துப்போய் நீங்களே அளந்து பார்க்கலாம். பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும்கூட அதே சட்டம் இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரான வழி கிராம சபை. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். தீர்மானம் எழுதாத வெற்றுப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள நாமே வழிவிட்டதாகிவிடும்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ஒப்பந்தப் பணத்தைத் தொட்டால் மிரட்டல் வரலாம். ஒரே விஷயத்துக்கு நாலைந்து பேர் தனித்தனியாக மனுப் போடுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். யாராவது மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.