திருவிழா எச்சில் இலை எருவாகட்டும்

பங்குனி, சித்திரை மாதங்களில் பல ஊர்களில் கோயில் திருவிழாவும் அன்னதானமும் நடைபெறும். சில ஆண்டுகளுக்கு முன், திருவிழா முடிந்த ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். பந்தலுக்குப் பின்னால் கொட்டிய எச்சில் இலைக் குவியலை இரவெல்லாம் மேய்ந்த கறவை மாடு ஒன்று மறுநாள் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் இறந்தது. அரை ஏக்கர் மட்டுமே உள்ள அந்தக் குடும்பத்துக்குப் பால்காசுதான் ஆதாரம்.

மாட்டைக் கொன்றது விஷமல்ல, சோறு. வைக்கோலும் புல்லும் தின்று பழகிய மாடு ஒரே நேரத்தில் சோற்றை மிகுதியாகத் தின்றால், அது முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நிற்கும், வயிறு உப்பும், புளித்த நாற்றத்துடன் கழியும். இந்த அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இந்த இழப்பைத் தவிர்ப்பது எளிது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே விழாக் குழுவினர் கூடி, குப்பை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கிணற்றுக்குத் தொலைவில், மேட்டுப் பாங்கான இடத்தில் 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, சுற்றிலும் முள் அடைக்க வேண்டும். பந்தி முடியும் இடத்தில் மூன்று கூடைகள் வையுங்கள். முதலாவது இலைக்கும் காய்கறிக் கழிவுக்கும், இரண்டாவது மீந்த சோறு, குழம்புக்கு, மூன்றாவது பிளாஸ்டிக்குக்கு. கூடைகளைக் கவனிக்க இரண்டு இளைஞர்களை நியமிப்பது அவசியம்.

இலைகளைத் துண்டாக நறுக்கி, அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். வாழை இலையில் ஈரம் அதிகம். ஆகவே அதன்மேல் வைக்கோல் அல்லது காய்ந்த சருகு போட்டு, சாணக் கரைசல் தெளித்து, மெல்லியதாக மண் தூவ வேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காக நிரப்பலாம். எச்சில் சோற்றைக் குழியின் நடுவில் சிறிது சிறிதாக இட்டு உடனே மூடிவிடுங்கள். உப்பும் எண்ணெயும் கலந்திருப்பதால் அதை மண்புழுத் தொட்டியில் போடக் கூடாது. பூமாலைகளையும் குழியில் சேர்க்கலாம். பிளாஸ்டிக் நாரையும் ஜரிகையையும் முதலில் அறுத்தெடுங்கள்.

கோடையில் குழி காய்ந்துவிடும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும். நீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும். மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று, நான்கு மாதங்களில் மக்கிவிடும். பங்குனித் திருவிழாவின் இலை ஆடிப் பட்டத்துக்கு அடியுரமாகும்.

பிளாஸ்டிக் தம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. மாட்டின் வயிற்றில் சிக்கினால் இவை செரிப்பதில்லை. எவர்சில்வர் தம்ளரை வாடகைக்கு எடுப்பதே சிறந்தது.

திருவிழா இரவில் மாடுகளை அவிழ்த்துவிடாமல் தொழுவத்தில் கட்டிவையுங்கள். குழி வெட்ட ஆகும் அரை நாள் வேலை, ஒரு கறவை மாட்டைக் காக்கும்; நிலத்துக்கு எருவும் தரும்.