கார்பனா, அலுமினியமா? பந்தய சைக்கிளின் எலும்புக்கூடு சொல்லும் பாடம்

சைக்கிள் கடைக்குள் நுழையும் இளையர் பலர் முதலில் கேட்கும் கேள்வி, “இது கார்பனா, அலுமினியமா?” என்பதுதான். விலைச்சீட்டைப் பார்த்ததும் இரண்டாவது கேள்வி மனத்தில் எழும்: “இவ்வளவு காசு கூடக் கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் போக முடியும்?”

முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை காண உயர்நிலைப்பள்ளி இயற்பியலும் சைக்கிள் பந்தய வரலாற்றின் சில பக்கங்களும் போதும்.

சைக்கிளின் எலும்புக்கூடு அதன் சட்டகம். நாம் ஃபிரேம் என்று சொல்வது அதைத்தான். இருக்கை, சக்கரம், மிதி எல்லாம் அதில்தான் பொருத்தப்படுகின்றன. முக்கோணங்களால் ஆன அதன் அடிப்படை வடிவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெரிதாக மாறவில்லை. மாறியது அதைச் செய்யும் பொருள்தான்.

எஃகு ஆண்ட காலம்

தொடக்கத்தில் எல்லாம் எஃகுதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹம் நகரில் இயங்கிய ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897ல் ஓர் எளிய உத்திக்குக் காப்புரிமை பெற்றது. குழாயின் இரு முனைகளும் தடிப்பாக இருக்கும், நடுப்பகுதி மெல்லியதாக இருக்கும். ஒரு குழாய் மற்றொன்றுடன் சேரும் இடத்தில்தான் அழுத்தம் அதிகம். ஆகவே அங்கே மட்டும் உலோகத்தைக் கூட்டி, மற்ற இடத்தில் குறைத்தார்கள். எடையைக் குறைக்க அவர்கள் பொருளை மாற்றவில்லை. அதே பொருளைத் தேவையான இடத்தில் மட்டும் வைத்தார்கள்.

அந்த உத்தி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு சான்று. 1972ல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்நாகோ அவருக்காகச் செய்துகொடுத்த எஃகு சைக்கிளின் எடை 6 கிலோகிராமுக்கும் குறைவு. அது பிரேக்கும் கியரும் இல்லாத ஓடுதள சைக்கிள் என்பது உண்மைதான். ஆனாலும் ‘எஃகு என்றாலே கனம்’ என்ற எண்ணத்தை அது அசைத்துவிடுகிறது.

சாலைப் பந்தயங்களிலும் எஃகு நெடுங்காலம் நின்றது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றவர் ஸ்பெயினின் மிகுவெல் இந்துராயின். அவரது 1994ஆம் ஆண்டு வெற்றியே எஃகுச் சட்டகத்தில் கிடைத்த கடைசி டூர் வெற்றி எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1998ல் இத்தாலியின் மார்கோ பந்தானி அலுமினிய சைக்கிளில் வென்றார். அதன்பின் கார்பன் ஃபைபர் எனப்படும் கரிம இழையின் ஆதிக்கம் தொடங்கியது. அதற்கு முன்பே, 1986ல், அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் கரிம இழைக் குழாய்களால் ஆன சட்டகத்தில் டூர் பட்டத்தை வென்றிருந்தார்.

மூன்று உலோகம், ஒரே விகிதம்

ஏன் இந்த மாற்றம்? அலுமினியம் எஃகைவிட ‘சிறந்த’ உலோகமா?

கணக்கைப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறக்குறைய 7.8 கிராம். டைட்டானியம் 4.5 கிராம். அலுமினியம் 2.7 கிராம். இனி விறைப்பு, அதாவது வளைக்க முயலும்போது பொருள் காட்டும் எதிர்ப்பு. அதை அளப்பது யங் குணகம். எஃகுக்கு அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 110, அலுமினியத்துக்கு 70.

ஒவ்வோர் உலோகத்துக்கும் விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் விடை 25ஐ ஒட்டியே வரும். அலுமினியம் எஃகின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவுக் குழாயை எஃகுக்குப் பதில் அலுமினியத்தில் செய்தால் சட்டகம் இலேசாகும், ஆனால் மிதிக்கும்போது தொளதொளவென்று வளையும்.

பிறகு எப்படி அலுமினியம் வென்றது? வடிவத்தால். மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். விட்டத்தை இரட்டிப்பாக்கி, சுவரின் தடிமனைப் பாதியாக்கினால் எடை மாறாது. விறைப்போ நான்கு மடங்காகும். எஃகு சைக்கிள்களின் கீழ்க்குழாய் நெடுங்காலம் 28.6 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாகவே இருந்தது. அலுமினிய சைக்கிள்களின் குழாய்கள் பருமனாக இருப்பது அழகுக்காக அன்று, இந்தக் கணக்குக்காகத்தான்.

எஃகையும் அப்படிப் பருமனாக்கலாமே என்று கேட்கலாம். ஆக்கலாம், ஆனால் எடை கூடாமல் இருக்கச் சுவர் மிக மிக மெல்லியதாக வேண்டும். பானத் தகரக் குவளையை விரலால் அழுத்தினால் நசுங்குவதைப்போல் அந்தக் குழாயும் நசுங்கிவிடும். அடர்த்தி குறைந்த அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. சுவர் போதிய தடிப்புடன் இருந்தாலும் எடை ஏறாது.

டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வலிமை மிகுந்தது, துருப்பிடிக்காது. வியர்வையும் மழையும் ஓயாத நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. ஆனால் சூடான நிலையில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளிழுத்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். எனவே ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைக்க வேண்டும். அதன் விலைக்கு இந்தக் கூடுதல் உழைப்பும் ஒரு காரணம்.

திசை அறிந்த இழை

கரிம இழையின் கதை வேறு. ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய 7 மைக்ரான் தடிமன் கொண்டது. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண வகை இழைக்கே நீளவாக்கில் விறைப்பு 230 கிகாபாஸ்கல். அடர்த்தியோ 1.8தான். முன்பு செய்த அதே வகுத்தலைச் செய்தால் உலோகங்களைவிட ஐந்து மடங்கு.

‘நீளவாக்கில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மூங்கில் கழியை இழுத்து அறுப்பது கடினம். ஆனால் கத்தியை மேலே வைத்துத் தட்டினால் நீளமாகப் பிளந்துவிடும். கரிம இழையும் அப்படித்தான். இழை போகும் திசையில் வலிமை, குறுக்குவாக்கில் பலவீனம். ஆகவே பிசின் தோய்த்த இழைத் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, ஒன்று குறுக்காக என்று அச்சுக்குள் கையால் அடுக்குகிறார்கள். பிறகு வெப்பமும் அழுத்தமும் தந்து இறுகச் செய்கிறார்கள். ஒரு சட்டகத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கலாம்.

பல திசைகளில் அடுக்கும்போது அந்த ஐந்து மடங்கு அனுகூலம் கணிசமாகக் குறையும். அதற்கு ஈடாகப் பொறியாளருக்கு வேறொரு சுதந்திரம் கிடைக்கிறது. மிதிக்கும் இடத்தில் விறைப்பு, இருக்கைக்கு அடியில் சற்று நெகிழ்வு, காற்றைக் கிழிக்கும் வடிவில் குழாய் என ஒரே சட்டகத்தில் இடத்துக்கு இடம் வெவ்வேறு குணங்களைத் தர முடியும். பந்தயக் குழுக்கள் கரிம இழையைத் தேர்ந்தெடுப்பதற்கு எடை மட்டுமே காரணம் இல்லை. இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம்.

அதே சமயம், ‘கார்பன்’ என்ற ஒரு சொல் தரத்தைச் சொல்லிவிடாது என்பதும் இதிலிருந்து புரியும். நன்றாக அடுக்கிய சட்டகமும் அரைகுறையாக அடுக்கியதும் வண்ணம் பூசிய பிறகு ஒன்றுபோலவே தெரியும்.

அரை கிலோவின் மதிப்பு

அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் 2000ஆம் ஆண்டில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது. பந்தயம் மனிதர்களுக்கு இடையிலான போட்டியாக இருக்க வேண்டும், இயந்திரங்களுக்கு இடையிலானதாக மாறக்கூடாது என்ற கருத்தை அச்சங்கம் 1996லேயே லுகானோ நகரில் சாசனமாக வெளியிட்டிருந்தது. சில குழுக்கள் தங்கள் சைக்கிள் விதியைவிட இலேசாகிவிட்டதால் அதில் எடைக்கட்டிகளைச் சேர்த்த வேடிக்கையும் நடந்தது.

சரி, எடை குறைந்தால் எவ்வளவு இலாபம்? நல்ல அலுமினியச் சட்டகத்துக்கும் நல்ல கார்பன் சட்டகத்துக்கும் ஏறக்குறைய அரை கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். டூர் பந்தயத்தின் புகழ்பெற்ற ஏற்றமான ஆல்ப் துவேஸ் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம் ஏறுகிறது. அரை கிலோவை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் 0.5 × 9.8 × 1,100, அதாவது சுமார் 5,400 ஜூல். 250 வாட் ஆற்றலுடன் மிதிப்பவருக்கு அது 22 விநாடி. ஏறக்குறைய ஒரு மணி நேர ஏற்றத்தில் 22 விநாடி!

பந்தய வீரருக்கு அது பெரிது. நமக்கு? சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். அவ்வளவு உயரம் முழுவதும் சைக்கிளில் ஏறினாலும் மிச்சமாவது மூன்று நான்கு விநாடி. சாங்கி கடலோரச் சாலை போன்ற சமதரையில் அந்த அரை கிலோ இருப்பதே தெரியாது. அங்கே நம்மைப் பின்னுக்குத் தள்ளுவது காற்று. அந்தக் காற்றுத் தடையின் பெரும்பகுதிக்குக் காரணம் சைக்கிள் அன்று, அதன்மேல் அமர்ந்திருக்கும் நம் உடல்தான்.

இதை உலகுக்கு உணர்த்திய பந்தயம் 1989 டூர் டி பிரான்ஸ். கடைசி நாளில் பிரான்சின் லோரான் ஃபின்யோனைவிட லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். எஞ்சியிருந்தது 24.5 கிலோமீட்டர் தனிநேரப் பந்தயம் மட்டுமே. கைகளை முன்னே நீட்டி உடலைக் குனிந்து வைக்க உதவும் புதுவகைக் கைப்பிடியை லெமாண்ட் பயன்படுத்தினார். 3,200 கிலோமீட்டருக்கும் அதிகமான பந்தயத்தை 8 விநாடியில் வென்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ இன்னும் துணிந்தார். பெரிய நிறுவன ஆதரவு இல்லாத அவர், தாமே எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சைக்கிள் செய்தார். அதில் சலவை இயந்திரத்தின் பேரிங்கும் இருந்தது. கைகளை மார்புக்கு அடியில் மடக்கிக்கொள்ளும் விநோதமான இருப்பைக் கண்டுபிடித்தார். 1993 ஜூலையில் நார்வேயில் அவரது முதல் முயற்சி தோற்றது. மறுநாளே மீண்டும் ஏறினார். ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர், புதிய உலகச் சாதனை! ஆறு நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார். 1994 ஏப்ரலில் ஓப்ரீ 52.713 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையை மீட்டார். அதன் பிறகுதான் சங்கம் அவரது இருப்பு முறைக்குத் தடை விதித்தது.

உடையும் விதம்

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு: அது எப்படி உடையும்?

எஃகு பெரும்பாலும் எச்சரித்துவிட்டு உடையும். முதலில் வளையும் அல்லது விரிசல் மெல்லப் பரவும். அழுத்தம் ஒரு வரம்புக்குள் இருந்தால் எத்தனை இலட்சம் முறை குலுங்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு இல்லை. சிறு அழுத்தங்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அயர்ச்சியை உண்டாக்கும். ஆகவே அலுமினியச் சட்டகத்தை வடிவமைப்போர் கூடுதல் தடிப்பு கொடுத்து அதன் ஆயுளை நீட்டிக்கிறார்கள்.

கரிம இழை அயர்ச்சியை நன்றாகவே தாங்கும். கூர்மையான அடியைத்தான் தாங்காது. கீழே விழுந்த சைக்கிளின் வெளிப்பூச்சில் சிறு கீறல் மட்டும் தெரியலாம், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். சிலர் நாணயத்தால் தட்டி ஓசை மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அது ஓர் அறிகுறியைத் தருமே தவிர உறுதி தராது. கேளா ஒலி அலைகளைச் செலுத்திச் சோதிக்கும் முறையே நம்பகமானது.

எந்தப் பாகமும் விலக்கில்லை என்பதை 2006ல் பாரிஸ்-ரூபே பந்தயம் காட்டியது. கற்கள் பாவிய அந்தக் கரடுமுரடான பாதையில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கபியின் கைப்பிடியைத் தாங்கும் குழாய் உடைந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட, அவர் தோளில் காயமடைந்து பந்தயத்திலிருந்து வெளியேறினார். உலகத்தரக் குழுவின் சைக்கிளுக்கே இது நேர்ந்தது.

இணையத்தில் மலிவாக விற்கப்படும், பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரையைப் போலியாக ஒட்டிய கார்பன் சட்டகங்களை வாங்கத் துடிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அதன் அடுக்குகளை யார் சோதித்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. பழைய கார்பன் சைக்கிளை வாங்குவோர், “விழுந்திருக்கிறதா?” என்று கேட்காமல் காசு கொடுக்கக்கூடாது.

கடைக்குப் போகும் முன்

2022 அக்டோபரில் டூர் டி பிரான்ஸ் வீரர்கள் சிங்கப்பூர் வீதிகளில் கண்காட்சிப் பந்தயம் ஓட்டியபோது, அவ்வாண்டின் டூர் வெற்றியாளர் யோனாஸ் விங்கெகோர் முதலிடம் பிடித்தார். அத்தகைய வீரருக்கு ஒவ்வொரு விநாடிக்கும் விலை உண்டு. சைக்கிள் சேதமடைந்தால் மாற்றித்தரக் குழுவும் உண்டு. கையில் இருக்கும் சேமிப்பில் ஒரே ஒரு சைக்கிள் வாங்கும் மாணவரின் கணக்கு வேறு.

முதலில் சட்டகம் உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத கார்பன், பொருந்தும் அலுமினியத்தைவிட மெதுவானது. முதுகையும் முழங்காலையும் பதம் பார்த்துவிடும். அடுத்து டயரும் பிரேக்கும். சாலையைத் தொடுவது டயர், உயிரைக் காப்பது பிரேக். தலைக்கவசத்துக்கும் ஆண்டுதோறும் பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் சட்டகத்தின் பொருளைப் பற்றி யோசிக்கலாம்.

தொடக்கக்கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பொருளறிவியலும் பொறியியலும் படிக்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் தீராத சிக்கல்கள் நிறைய உள்ளன. அவற்றில் ஒன்று: எஃகையும் அலுமினியத்தையும் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஒருமுறை இறுகிய கரிம இழைச் சட்டகத்தின் பிசினை அப்படி உருக்க முடியாது. பந்தயத்தில் வென்ற பொருள் குப்பைக்குப் போகாமல் இருக்க வழி காண்பது உங்கள் தலைமுறையின் வேலை.