சான்றிதழ் காப்பாற்றவில்லை

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை தீப்பிடித்தது. சன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் எட்டு மாடி ராணா பிளாசா இடிந்து விழுந்தது. 1,134 பேர் மாண்டார்கள். முதல்நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பியது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு ஏற்றப்பட்டார்கள்.

சான்றிதழ் ஏன் காப்பாற்றவில்லை என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய பிராண்டுகளில் பெரும்பாலானவை சொந்தமாக ஆலை நடத்துவதில்லை. ஆர்டர் கொடுக்கின்றன. விலையையும் கெடுவையும் அவை தீர்மானிக்கின்றன. விபத்து நடந்தால் சட்டம் ஆலை முதலாளியைத் தேடுகிறது. நடுவில் ‘நடத்தை விதிகள்’ என்று ஒரு தாள். அதை எழுதியது பிராண்டு. சோதிக்க வருபவருக்குக் கூலி கொடுப்பது பிராண்டு அல்லது ஆலை. அறிக்கையும் அவர்களுக்கே போகிறது. தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள் அதைப் பார்ப்பதே இல்லை.

ராணா பிளாசாவுக்குப் பின், 2013 மே மாதம், தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் வங்கதேச உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக இருந்தது. மீறினால் சங்கம் நடுவர் மன்றம் போக முடிந்தது. அப்படிப் போனதால்தான் 2018இல் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி ஆலைகளைச் சீரமைக்க ஒதுக்கப்பட்டது.

அதே பாடத்தை நம் மண்ணிலும் கற்றோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில், ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022இல் எச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களுடன் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. பாலியல் வன்முறையோடு சாதிக் கொடுமையும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. நடப்பதைக் கண்காணித்துப் புகார் சொல்ல, தொழிலாளர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. ஆலை நிர்வாகம் ஒப்பந்தத்தை மதிக்காவிட்டால் வணிகத்தில் விலை கொடுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது.

இது முதலாளியின் கருணையால் வந்ததல்ல. ஒரு பெண்ணின் சாவுக்குப் பிறகு, அவளோடு வேலை பார்த்தவர்கள் வேலை போகும் என்று தெரிந்தும் வாய் திறந்ததால் வந்தது.

ஆகவே மாணவத் தோழர்களே, எந்த நிறுவனமாவது ‘நாங்கள் பொறுப்போடு நடக்கிறோம்’ என்று அறிக்கை விட்டால் கேளுங்கள்: அதில் தொழிலாளியின் கையெழுத்து எங்கே? மீறினால் உங்களை எந்த மன்றத்தில் நிறுத்தலாம்? பதில் இல்லையென்றால், அது கராச்சி ஆலைச் சுவரில் தொங்கிய அதே காகிதம்தான்.