புது பைக்தானே என்று விட்டுவிடாதீர்கள்!
பால் கேன், உர மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என எல்லாவற்றையும் சுமப்பது வீட்டு பைக்தான். ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டினால், தவணை முடியும் முன்பே இன்ஜின் சீஸ் ஆகிவிடலாம்.

15 நாள்களுக்கு ஒருமுறை, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை 3 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். 3 நிமிடம் கழித்து, ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக்குச்சியைத் துடைத்துவிட்டு, மீண்டும் உள்ளே விட்டு எடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது மூடியைத் திருகக் கூடாது, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்தால், கையேட்டில் சொன்ன ரகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் சிலிப் ஆகலாம்.

முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். புது இன்ஜின் தேயும்போது உதிரும் உலோகத்துகள் அந்த ஆயிலில்தான் கலந்திருக்கும்.