காலி மனை விற்பனை: முகவருக்குத் தரகு எவ்வளவு?

புதுதில்லி: காலி மனையை விற்பவர் முகவருக்கு எத்தனை சதவீதம் தரகு தர வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் தலா 1 முதல் 2 சதவீதம் வரை பெறுவது பரவலான வழக்கம் மட்டுமே.

ரூ.50 லட்சம் மதிப்புள்ள மனைக்கு 2 சதவீதம் எனில் தரகு ரூ.1 லட்சம். முகவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், 18 சதவீத வரியாக மேலும் ரூ.18,000 சேரும்.

ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவுத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர் கட்டாயம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு ரூ.10,000 அபராதம் உண்டு. அது மனை விலையில் 5 சதவீதம் வரை உயரலாம்.

தனிநபர் தனது மனையை மறுவிற்பனை செய்யும்போது இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே தரகு விகிதம், அதனைச் செலுத்தும் நாள், விற்பனை முறிந்தால் தரகு உண்டா என்பவற்றை முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாக முடிவு செய்வது அவசியம்.

விற்பனைக்காகச் செலுத்திய தரகை மூலதன ஆதாயக் கணக்கில் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. ரசீது இன்றி ரொக்கமாகக் கொடுப்பவர், அச்சலுகையைக் கோர ஆதாரமின்றித் தவிக்க நேரிடும்.